தலையில் அடிபட்டு ஆறு மாதமாகியும் அப்பா தள்ளாடித்தான் நடக்கிறார். பிசியோதெரபியைத் தொடர்வதில் பயன் உண்டா?

உண்டு. நிறுத்தாதீர்கள். “ஆறு மாதத்தில் வந்தது வந்ததுதான், இனிமேல் பணம்தான் வீண்” என்று யாராவது சொந்தக்காரர் சொல்லியிருப்பார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் சொன்னார்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், அப்புறம் மெதுவாகும். ஆனால் அதோடு நின்றுவிடும் என்றில்லை. நான் கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி இறங்கியதே இரண்டாவது வருடத்தில்தான்.

2018-இல் பெங்களூர் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்கி மல்லாக்க விழுந்தேன். ஹெல்மெட் இருந்தது, வார் மாட்டவில்லை. சிறுமூளையின் வலப்பக்கம் ரத்தக்கசிவு, ஐசியூவில் பதினொரு நாள். பெருமூளையில் அடிபட்டால் எதிர்ப்பக்கக் கை கால் பாதிக்கும். சிறுமூளையில் அடிபட்ட பக்கமே தடுமாறும். என் வலக்காலில் பலம் இருந்தது, உதைக்கச் சொன்னால் உதைப்பேன். ஆனால் வைக்க நினைத்த இடத்தில் அது போய் நிற்காது. காலை அகட்டி வைத்து, சாய்ந்து சாய்ந்துதான் நடப்பேன்.

நாலாவது மாதம் அல்சூர் ஏரிப் பக்கம் மனைவியோடு ஆட்டோவுக்கு நின்றேன். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “குடிதித்தானே” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காலை பத்து மணி. என் வாழ்நாளில் நான் குடித்ததில்லை. “ஆக்சிடென்ட்டுங்க, ஆக்சிடென்ட்டு” என்று என் மனைவி அந்த ஆட்டோவின் பின்னால் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. மூன்று வாரம் நான் வாசல் தாண்டவில்லை. பிசியோ மேடம்தான் வழி சொன்னார். “வீட்டுக்குள்ளே ஸ்டிக் வேண்டாம் சார். வெளியே மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குச்சியைப் பார்த்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், இடிக்கவும் மாட்டார்கள்.” அப்பா வெளியே வர மறுக்கிறார் என்றால் காரணம் காலில் இல்லாமலும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

பலம் வேறு, பேலன்ஸ் வேறு என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் போகிறது: கண், உள்காது, அப்புறம் பாதமும் மூட்டுகளும். நான் முழுக்கக் கண்ணை நம்பியே நின்றுகொண்டிருந்தேன். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் குளியலறைச் சுவரில் போய் மோதுவேன். அதற்கு மேடம் கொடுத்த பயிற்சி இது. சமையலறை மூலையில் முதுகை மூலைக்குக் காட்டி நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் சுவர், முன்னால் ஒரு நாற்காலி. பாதங்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூட வேண்டும். முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் தோள் சுவரில் இடித்தது. மனைவி அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டே சத்தமாக எண்ணுவாள். முப்பதைத் தொட ஐந்து வாரம் ஆனது. உடனே மேடம் ஜமக்காளத்தை நாலாக மடித்துக் காலடியில் போட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். தனியாக யாரும் இதைச் செய்யக் கூடாது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

இன்னொன்று. படுக்கையில் புரளும்போது அறை சுற்றுகிறது என்று அப்பா சொல்கிறாரா? தலையில் அடிபட்டவர்களுக்கு உள்காதில் இருக்கும் பொடிக் கற்கள் இடம் மாறிப்போவது சகஜம். எனக்கு இரண்டு மாதம் வெறும் தலைசுற்றல் மாத்திரைதான் கொடுத்தார்கள். கடைசியில் படுக்க வைத்துத் தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பித் திருப்பி, இரண்டே முறையில் சரிசெய்தார்கள். இது மாத்திரையில் போகிற விஷயம் இல்லை. கழுத்தில் அடி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

“உனக்கு லேசான அடி, அதனால் பேசுகிறாய்” என்று சிலர் எழுதுவீர்கள். நான் டாக்டர் இல்லை, எல்லோருக்கும் இதே அளவு திரும்பும் என்றும் சொல்லவில்லை. பெர்க் என்று ஒரு பேலன்ஸ் சோதனை உண்டு, பதினாலு வேலை, மொத்தம் 56 மார்க். நான் 19-இல் ஆரம்பித்து ஒன்றரை வருடத்தில் 48-க்கு வந்தேன். லேசான அடிபட்டவன் 19 வாங்க மாட்டான்.

இந்த ஊர் நடைபாதையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாக்கடை மேல் போட்ட கற்பலகையில் ஒன்று ஆடும், அடுத்தது இருக்கவே இருக்காது. சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாமல் பைக்கை மேலே ஏற்றி, குச்சியோடு நடக்கிறவன் முதுகுக்குப் பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். சட்டென்று திரும்பினால் நான் விழுவேன். அது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். நடைபாதை என்பது தெரியுமே! எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

சரி, உங்கள் அப்பா விஷயம். பிசியோதெரபிஸ்ட் வாரம் இரண்டு நாள் வந்தால் போதும், மற்ற நாளும் வீட்டில் செய்ய வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதித்த கால் முதலில். ஹலசூரு மெட்ரோ படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து இதையே எத்தனையோ சாயங்காலம் செய்தேன்.

இன்று அவர் நடக்கும்போது பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுங்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூடப் போதும். பதில் சொல்ல நின்றுவிடுகிறாரா, நடந்துகொண்டே சொல்கிறாரா என்று பார்த்து அவருடைய பிசியோவிடம் சொல்லுங்கள். பேசிக்கொண்டே நடக்கும் பயிற்சி எனக்கு ஏழாவது மாதத்தில்தான் ஆரம்பித்தது.