ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்தவன் நான். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்குத் தயாராகிறேன். கணக்கும் ரீசனிங்கும் பரவாயில்லை, ஆங்கிலம்தான் இழுக்கிறது. ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து வேறு பொருள் தருவது) உள்ள ஒரு பி.டி.எஃப்.பை ஏ-யிலிருந்து வரிசையாக மனப்பாடம் செய்கிறேன். சி-க்கு வருவதற்குள் ஏ மறந்துவிடுகிறது. புட் ஆஃப், புட் அவுட், புட் அப் வித் எல்லாம் குழம்புகின்றன. இன், ஆன், அட் போன்ற ப்ரிபொசிஷனுக்கு விதியே இல்லை போலிருக்கிறது. தினமும் தலையங்கம் படி என்கிறார்கள், அதுவும் புரியவில்லை. தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த பி.டி.எஃப்.பை மூடிவையுங்கள். அகரவரிசை தேடுவதற்குத்தான் வசதி. புட்டில் தொடங்குகிற இருபதையும் அடுத்தடுத்துப் படித்தால் யாருக்கும் குழம்பும்.

ப்ரிபொசிஷனில் தொடங்குங்கள். பிழை கண்டுபிடிப்பது, கோடிட்ட இடம், க்ளோஸ் டெஸ்ட் (ஒரு பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்புவது) என்று எல்லா இடத்திலும் அது கை கொடுக்கும். விதி இல்லை என்கிறீர்கள். ஆங்கிலத்தின் பக்கமிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் நாம் செய்கிற பிழைகளில் ஒரு ஒழுங்கு உண்டு, அவற்றில் பல தமிழிலிருந்து வருகின்றன. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று நினைப்பதால் டிஸ்கஸ்ட் அபவுட் இட் என்று எழுதுகிறோம். அங்கே அபவுட் கூடாது. (இதை நாடு முழுக்கவே எழுதுகிறார்கள், நாம் மட்டும் வெட்கப்பட வேண்டியதில்லை.) 'அறைக்குள் நுழைந்தான்' என்டர்ட் இன்டு தி ரூம் ஆகிவிடுகிறது. என்டரோடு இன்டு ஒப்பந்தம், பேச்சுவார்த்தை போன்றவற்றுக்குத்தான் வரும், அறைக்கு வேண்டாம். 'அவரோடு கல்யாணம்' என்பதால் மேரீட் வித் என்று போடுகிறோம், சரியானது மேரீட் டு. 'என்னைவிட சீனியர்' என்பதில் உள்ள 'விட' நம்மை தேன் (than) போட வைக்கிறது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்குக்கும் டு-தான். 'இரண்டு வருஷமாக' என்பது ஃபார் டூ இயர்ஸ். சின்ஸ் வேண்டுமென்றால் தொடங்கிய புள்ளியைச் சொல்ல வேண்டும்: சின்ஸ் 2022.

நம்முடைய 'இல்' இன், ஆன், அட் மூன்றின் வேலையையும் தனியாளாகப் பார்க்கிறது. பஸ்ஸில் என்றால் ஆன் தி பஸ், காரில் என்றால் இன் தி கார், பஸ் ஸ்டாப்பில் என்றால் அட் தி பஸ் ஸ்டாப். உங்கள் மாதிரித் தேர்வுத் தாள்களை எடுத்து, தவறவிட்ட ஒவ்வொரு ப்ரிபொசிஷனுக்கும் பக்கத்தில் அதன் தமிழ் வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். எந்த உருபு உங்களை ஏமாற்றுகிறது என்று சீக்கிரமே பிடிபடும்.

அப்புறம் ஃப்ரேசல் வெர்ப். 'விட்டுக்கொடு' என்பதை யாரும் 'விடு', 'கொடு' என்று பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை. கிவ் இன் அதுதான். லுக் ஆஃப்டர் பார்த்துக்கொள், புட் ஆஃப் தள்ளிப்போடு, புட் அப் வித் பொறுத்துக்கொள், சீ ஆஃப் வழியனுப்பு. டேக் ஆஃப்டர் என்றால் 'அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்' என்கிறோமே, அது. இப்படி ஒரு தமிழ் வினையோடு கட்டிவைத்தால் நிற்கும். 'டு போஸ்ட்போன்' என்று இன்னொரு ஆங்கிலச் சொல்லை எதிரே எழுதி மனப்பாடம் செய்வது தமிழ் வழியில் படித்தவருக்கு இரட்டை வேலை.

இடமும் முக்கியம். புட் இட் ஆஃப் சரி, புட் ஆஃப் இட் தவறு. ஆனால் லுக் ஆஃப்டர் ஹிம்மில் ஹிம் நடுவே நுழையாது. பிழை கண்டுபிடிக்கும் கேள்விக்கு இது தோதான இடம். லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ என்பதும் அப்படியே. டு-வைப் பார்த்ததும் மீட் என்று கை போகும்.

தலையங்கத்தை இப்போதைக்கு விடுங்கள். அதில் கனமான சொற்கள்தான் அதிகம். நீங்கள் தேடுவது மாவட்டச் செய்தியிலும் விளையாட்டுப் பக்கத்திலும் கிடைக்கும். தீ ப்ரோக் அவுட் ஆகும், தீயணைப்பு வீரர்கள் அதை புட் அவுட் செய்வார்கள், போலீஸ் லுக்கிங் இன்டு (விசாரிக்கிறோம்) என்பார்கள், மழையால் ஆட்டம் கால்ட் ஆஃப். கால் ஆஃப் என்றால் ரத்து, புட் ஆஃப் என்றால் ஒத்திவைப்பு. விடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

குத்துமதிப்பு விஷயம் வெறும் கணக்கு. சி.ஜி.எல். முதல் கட்டத்தில் கேள்விக்கு நான்கு விடைகள், சரிக்கு 2 மதிப்பெண், தவறுக்கு அரை கழியும். நான்கு கேள்விக்குக் கண்ணை மூடிப் போட்டு ஒன்று சரியானால் 2 வரும், 1.5 போகும், அரை மிச்சம். இரண்டு விடைகளைத் தள்ளிவிட முடிந்தால் தயங்காமல் போடுங்கள். ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வில் ஐந்து விடைகள், தவறுக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழியும். அங்கே கண்ணை மூடிப் போட்டால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.