மழைக்குப் பின் பிடிக்காத என்ஜின்

கேள்வி: எங்களுடையது 1998-இல் வாங்கிய, கார்புரேட்டர் உள்ள பெட்ரோல் கார். இரவெல்லாம் மழை பெய்தால், மறுநாள் காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றினாலும் என்ஜின் பிடிப்பதில்லை. மதியம் வெயில் ஏறியதும் தானாகவே கிளம்பிவிடுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: பேட்டரிக்குச் செலவு செய்யாதீர்கள். அது வலுவிழந்திருந்தால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், அல்லது 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிடும். வெயில் பட்டதும் சரியாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே கோளாறு எங்கே என்பதைச் சொல்லிவிடுகிறது.

இக்னிஷன் காயில் பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி, மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகவும் பிளக் வயர்கள் வழியாகவும் ஸ்பார்க் பிளக்குகளுக்கு அனுப்புகிறது. வயரின் ரப்பர் உறையில் வெடிப்பு விட்டிருந்தாலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் படிந்திருந்தாலோ, அந்த மின்சாரம் பிளக்கை எட்டாமல் என்ஜின் உலோகத்துக்குக் கசிந்துவிடும். விடியுமுன் இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் செல்ஃப் போட, மற்றவர் எதையும் தொடாமல் தள்ளி நின்று பார்த்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி பறப்பது பெரும்பாலும் தெரியும்.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். உட்புறத்தில் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், துடைப்பதால் பயனில்லை. மூடியை மாற்றியே ஆக வேண்டும். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, அதனதன் இடத்திலேயே மாட்டுங்கள். வரிசை மாறினால் புதுத் தொல்லை வரும். வெடித்த வயர்களில் ஒன்றை மட்டும் மாற்றாமல் முழுத் தொகுதியாக மாற்றுவதே என் பரிந்துரை.

விடாமல் செல்ஃப் போட்டால் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்துவிடும், செல்ஃப் மோட்டாரும் சூடேறும். பத்து நொடிக்கு மேல் சுற்றவிடாமல், இடையே அரை நிமிடமாவது பொறுங்கள்.

இவையெல்லாம் மழையில் நனைந்த காருக்கு மட்டுமே பொருந்தும். தேங்கிய வெள்ளத்தில் நின்ற கார் என்றால் சாவியையே தொடாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப்போல அமுங்காது என்பதால், ஒருமுறை செல்ஃப் போட்டாலே பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தாலோ என்ஜின் ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தாலோ, வண்டியை இழுவை வாகனத்தில் ஏற்றியே பட்டறைக்கு அனுப்புங்கள்.