வேலையில்லாக் காலத்து உதவித்தொகை: பணம் ஏன் தாமதமாகிறது, எதையெல்லாம் தெரிவிக்கணும்?

மதுரைப் பக்கம் வேலையில்லாமல் இருப்பவர்களுக்குப் பணம் வர முக்கியமாக இரண்டு வழி உண்டு. ஒன்று, கே.புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் வரும் மாநில அரசின் உதவித்தொகை. இன்னொன்று, இஎஸ்ஐ (சம்பளத்தில் பிடிக்கும் தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்த வேலை போனால் இஎஸ்ஐ கிளை அலுவலகம் தரும் நிவாரணம். விதி, படிவம், கவுண்டர் எல்லாமே வேறு வேறு. வந்த கேள்விகளில் பாதிப்பேர் ரெண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எது எந்தத் திட்டம் என்று சொல்லியே பதில் தருகிறேன்.

அண்ணே, பி.ஏ. முடிச்சு வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிவு பண்ணி அஞ்சு வருஷம் ஆச்சு. புதூர்ல மனு கொடுத்து நாலு மாசமாகியும் ஒரு ரூபாய் வரல. தள்ளுபடி பண்ணிட்டாங்களா? (உசிலம்பட்டி)

நாலு மாசத்தை வைத்து அப்படி முடிவு கட்டாதீங்க தம்பி. இந்தப் பணம் மாதாமாதம் வருவதில்லை, காலாண்டுக்கு ஒருமுறை கணக்குப் போடுவார்கள். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் என்றால் காலாண்டுக்கு 1,800. மனு சரிபார்ப்பு முடிந்து, அரசு நிதி ஒதுக்கி, பட்டியல் வங்கிக்குப் போன பிறகுதான் வரவு வைப்பார்கள். ஒதுக்கீடு தாமதமானால் ரெண்டு காலாண்டுப் பணம் சேர்ந்து வரும்.

அதுக்காகச் சும்மாவும் இருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்க. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. பழைய பாஸ்புக்கை நகல் எடுத்துக் கொடுத்தவர்களின் ஐஎஃப்எஸ்சி எண் (வங்கிக் கிளையின் அடையாள எண்) இப்போது செல்லாது. சிண்டிகேட்டின் பழைய எண்கள் 2021 ஜூன் மாதத்தோடு நின்றுவிட்டன. புது பாஸ்புக்கின் முதல் பக்கத்தை நகல் எடுத்து, வேலைவாய்ப்பு அட்டை எண்ணை அதிலேயே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்க. கேஒய்சி (வங்கியில் கொடுக்கும் அடையாள, முகவரிச் சான்று) புதுப்பிக்காமல் முடங்கிக் கிடக்கும் கணக்கும், அப்பாவோ அம்மாவோ சேர்ந்திருக்கும் கூட்டுக் கணக்கும் இதே மாதிரி சிக்கல்தான். உங்கள் பெயரில் தனிக் கணக்கு இருக்கணும், பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் அட்டையில் உள்ளபடியே இருக்கணும்.

அடுத்து வருமானம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இ-சேவை மையத்தில் எடுத்த வருமானச் சான்றில் ஒரு தொகையும் விண்ணப்பத்தில் இன்னொரு தொகையும் இருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும். விண்ணப்பத்தில் வருவாய் ஆய்வாளர் கையொப்பமும் முத்திரையும் விட்டுப்போயிருந்தாலும் அதே கதிதான்.

ஒரு வருஷம் ஒழுங்கா வந்த பணம் திடீர்னு நின்னுபோச்சு சார். எதுவும் மாறல. (வாடிப்பட்டி)

சுய உறுதிமொழி ஆவணம் கொடுத்தீங்களா? உதவித்தொகை கிடைக்கும் மூணு வருஷத்துக்கும் ஒரே மனு போதும் என்று நினைத்துப் பலபேர் விட்டுவிடுகிறார்கள். "நான் எந்த வேலையிலும் இல்லை, முழுநேரப் படிப்பிலும் இல்லை, வேலைவாய்ப்புப் பதிவு நடப்பில் உள்ளது" என்ற உறுதிமொழியை வருஷத்துக்கு ஒருமுறை கொடுத்தே ஆகணும். கொடுக்காவிட்டால் பணத்தை நிறுத்திவிடுவார்கள். அட்டை, பாஸ்புக், ஆதார் நகல்களோடு உடனே போய்க் கொடுங்க. விட்டுப்போன மாதங்களுக்குப் பணம் வருமா என்பதையும் கையோடு கேட்டு வாங்க, வரும் என்று நம்பிச் செலவுக் கணக்குப் போட வேண்டாம். பணம் தொடங்கிய மாதத்தைப் பாஸ்புக் அட்டையிலேயே எழுதி வையுங்க, அடுத்த வருஷம் அதுக்கு முந்தின மாசமே போகலாம்.

தீபாவளிக்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில ரெண்டு மாசம் நின்னேன். இதையும் சொல்லணுமா அண்ணே? (செல்லூர்)

சொல்லணும். தனியார் வேலையோ சுயதொழிலோ செய்யக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ரெண்டு மாசம்தானே, கையில்தானே கூலி வாங்கினேன் என்பதெல்லாம் விதிவிலக்கு ஆகாது. கடையில் பிஎஃப், இஎஸ்ஐ பிடித்திருந்தால் ஆதார் எண்ணோடு பதிவாகியிருக்கும். அப்புறம் தெரியவந்தால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், உறுதிமொழியில் பொய் சொன்ன பெயரும் சேரும்.

வெள்ளைத்தாளில் நாலே வரி போதும்: பதிவு எண், எங்கே என்ன வேலை, சேர்ந்த தேதியும் நின்ற தேதியும், வாங்கிய சம்பளம். ரெண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கோங்க. முத்திரை இல்லாத பிரதி வெறும் தாள்தான். "வாயால சொல்லிட்டேன்" என்று பிற்பாடு வாதாடுவதில் பயனில்லை.

வேலைவாய்ப்புப் பதிவை மூணு வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கிறத மறந்துட்டேன். (அலங்காநல்லூர்)

சலுகைக் காலம் பாக்கி இருக்கிறதா என்று இணையத்தில் இன்றைக்கே பாருங்க. அதுவும் தாண்டியிருந்தால் பழைய பதிவு மூப்பு போய்விடும், அஞ்சு வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அரசு அவ்வப்போது சிறப்புப் புதுப்பித்தல் சலுகை அறிவிக்கும். அறிவித்தால் விடாதீங்க, அதை நம்பிப் புதுப்பிக்காமலும் இருக்காதீங்க.

பிளஸ் டூ பதிவு பண்ணி ஏழு வருஷம், டிகிரி பதிவு பண்ணி மூணு வருஷம். இப்பவே மனு போடலாமா? (திருமங்கலம்)

போடலாம், ஆனால் பிளஸ் டூ கணக்கில்தான். எந்தப் படிப்புக்குக் கேட்கிறீர்களோ அதைப் பதிவு செய்து அஞ்சு வருஷம் முடிந்திருக்கணும். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூ 400, பட்டம் 600. மூணு வருஷத்துக்கு பிளஸ் டூ கணக்கில் 14,400, பட்டத்தில் 21,600. ஒருமுறை மூணு வருஷம் வாங்கி முடித்தால் மறுபடி கிடையாது. 7,200 ரூபாய்க்காக ரெண்டு வருஷம் காத்திருப்பது நல்லதா என்றால், என் கருத்து, வேண்டாம். அதுக்குள் வேலை கிடைத்தாலோ குடும்ப வருமானம் ஏறினாலோ ரெண்டும் போச்சு. வயதையும் பாருங்க: எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 45, மற்றவர்களுக்கு 40.

கப்பலூர்ல நாலு வருஷம் வேலை பார்த்த கம்பெனியில ஆளைக் குறைச்சுட்டாங்க. சம்பளம் 15,000, இஎஸ்ஐ பிடிச்சாங்க. புதூர்ல போய் நிக்கவா? (திருநகர்)

உங்கள் விஷயத்துக்கு முதலில் போக வேண்டியது இஎஸ்ஐ கிளை அலுவலகம். அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று பெயர், 2018 ஜூலையில் வந்தது. காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டித்து வரும் திட்டம் என்பதால், இப்போது நடப்பில் இருக்கிறதா என்பதுதான் கவுண்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

குறைந்தது ரெண்டு வருஷம் காப்பீட்டு வேலையில் இருந்திருக்கணும். இஎஸ்ஐக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ரெண்டு சந்தாக் காலம். வேலை போவதற்கு உடனே முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாளுக்குக் குறையாமல் சந்தா கட்டியிருக்கணும். அந்த ரெண்டு வருஷத்தில் மீதமுள்ள மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்கணும். நாலு வருஷம் இருந்தவருக்கு இது இடிக்காது.

எவ்வளவு வரும்? கடைசி நாலு சந்தாக் காலத்து மொத்தச் சம்பளத்தை 730ஆல் வகுத்து, அதில் பாதி. மாதம் 15,000 என்றால் 3,60,000, வகுத்தால் சுமார் 493. பாதி 246 ரூபாய் சொச்சம், 90 நாளைக்கு ஏறத்தாழ 22,190. 90 நாள் என்பது வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்துத்தான். ரெண்டு வருஷத்தில் நாலு மாசம் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் வகுக்கப்படும் மொத்தச் சம்பளம் குறையும், வகுக்கும் 730 குறையாது. எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருகிறது என்ற புகார் பலதும் இங்கேதான் பிறக்கிறது.

தாமதம் வரும் இடம் கம்பெனி. மாதச் சந்தா பதிவேற்றும்போது ஆள் வேலையில் இல்லாததற்குக் காரணமும் கடைசி வேலை நாளும் அவர்கள்தான் போடணும். "விடுப்பில்" என்று போட்டிருந்தால் நீங்கள் இன்னும் வேலையில் இருப்பதாகவே தெரியும். ஆட்குறைப்பு என்று போடச் சொல்லி எழுத்தில் கேளுங்க. "ராஜினாமா எழுதிக் கொடு, கணக்கை முடிச்சுடலாம்" என்றால் கையெழுத்துப் போடாதீங்க. விருப்ப ஓய்வு, பணி ஓய்வு, ஒழுங்கு நடவடிக்கை மூன்றுக்கும் நிவாரணம் கிடையாது. ராஜினாமாக் கடிதம் இருந்தால் உங்கள் ஆட்குறைப்பும் கேள்விக்குள்ளாகும்.

வேலை போய் 30 நாள் முடிந்த பிறகே கோரிக்கை, இனி வரப்போகும் நாட்களுக்கு முன்கூட்டிக் கேட்க முடியாது. இஎஸ்ஐ இணையதளத்தில் ஏபி-1 படிவத்தை நிரப்பி, அச்செடுத்து, ஆதார், பாஸ்புக் நகல் வைத்துக் கிளை அலுவலகத்தில் நேரிலோ தபாலிலோ கொடுங்க. இடையில் வேறு வேலை கிடைத்தால் சேர்ந்த தேதியை உடனே தெரிவியுங்க, அதுவரைக்கும்தான் பணம். புது முதலாளி இஎஸ்ஐ பதியும் நாளிலேயே அவர்கள் திரையில் தெரிந்துவிடும்.

தொலைதூரக் கல்வியில எம்.ஏ. சேர்ந்தா பணம் நின்னுடுமா? பி.இ. படிச்ச என் தம்பிக்குக் கிடைக்குமா? (மேலூர்)

தொலைதூரக் கல்வி தடையில்லை. தினமும் கல்லூரிக்குப் போகும் முழுநேரப் படிப்புக்குத்தான் தடை, சேர்ந்தால் எழுதிக் கொடுக்கணும். தம்பிக்குக் கிடைக்காது. பொறியியல், மருத்துவம், சட்டம், விவசாயம் போன்ற தொழிற்பட்டங்களுக்கு இத்திட்டம் இல்லை.

மாற்றுத்திறனாளிக்கும் அஞ்சு வருஷம் காத்திருக்கணுமா? (பேரையூர்)

வேண்டாம். பதிவு செய்து ஒரு வருஷம் ஆனால் போதும், வருமான வரம்பும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூ 750, பட்டம் 1,000. பத்து வருஷம் வரை கிடைக்கும். சுய உறுதிமொழி மட்டும் இவர்களுக்கும் உண்டு.

எல்லாம் சரியா கொடுத்தும் பதிலே இல்லைன்னா? (சோழவந்தான்)

புதூர் சம்பந்தப்பட்டது என்றால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்க, அல்லது முதல்வரின் உதவி எண்ணான 1100க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்க. "பணம் வரவில்லை" என்று மட்டும் எழுதினால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "இந்தத் தேதியில் கொடுத்த மனு எந்த நிலையில் உள்ளது, எந்தக் காலாண்டுப் பட்டியலில் என் பெயர் சேர்ந்தது" என்று கேளுங்க. அதுக்கும் பதில் இல்லையென்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதே கேள்விகளைப் போடலாம். 30 நாளில் பதில் தரணும். இஎஸ்ஐ மத்திய அரசு நிறுவனம், 1100க்குப் போட்டு நாளை வீணாக்காதீங்க. கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, அதுக்கு மேல் மத்திய அரசின் குறைதீர் இணையதளம்.

உதவித்தொகை வாங்கினா பதிவு ரத்தாகி, அரசு வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு சொல்றாங்களே? (மேலூர்)

தவறான பேச்சு. பதிவு ரத்தாகாது, மூப்புப்படி பரிந்துரையும் தொடரும். தயங்காமல் வாங்குங்க.