டோட்டோ: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிங்கப்பூர் டோட்டோ லாட்டரியில் ‘சிஸ்டம் 12’ (12 எண்கள் எழுதும் சீட்டு) எடுத்தால் வாய்ப்பு பல மடங்கு கூடும் என்கிறார் நண்பர். உண்மையா? பிறந்தநாள் எண்களையே எழுதலாமா? – வாசகர், யீஷூன்

பதில்: கூடும், செலவும் அதே மடங்கு கூடும். 49 எண்களில் 6 எழுதும் சாதாரணச் சீட்டு 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). முதல் பரிசுக்கு வாய்ப்பு 13,983,816-இல் ஒன்று. 7 எண்கள் எழுதினால் அவற்றிலிருந்து ஆறாறாக 7 சேர்க்கைகள், 7 வெள்ளி. 12 எண்கள் என்றால் 924 சேர்க்கைகள், 924 வெள்ளி! அவ்வளவு கொட்டியும் வாய்ப்பு சுமார் 15,134-இல் ஒன்றுதான். நண்பர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

பிறந்தநாள் எண்கள் விழும் வாய்ப்பைக் குறைக்காது. ஆனால் 31-க்குள் எழுதுவோர் ஏராளம். விழுந்தால் முதல் பரிசைப் பலரோடு பங்கு போட வேண்டிவரும். 32 முதல் 49 வரை சிலவற்றைக் கலந்து எழுதுங்கள். ‘ரொம்ப நாளாக வராத எண்’ என்ற கணக்கு வீண்; குலுக்கல் பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது.

கேள்வி: 3 எண்கள் மட்டும் பொருந்தினால்? – வாசகி, தெம்பனிஸ்

பதில்: 10 வெள்ளி. 180 நாட்களுக்குள் வாங்கிவிடுங்கள். அதை வைத்தே அடுத்த குலுக்கலுக்கு இரட்டிப்பாகக் கட்டாதீர்கள். மாதத்துக்கு ஒரு தொகை ஒதுக்கி, தீர்ந்ததும் நிறுத்துங்கள். கடன் வாங்கிக் கட்டவே கூடாது.