கலப்பு நாயும் வீட்டுப் பிள்ளைகளும்: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், நம் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நாய்க்குட்டிக்குப் பஞ்சமில்லை. பள்ளி விடுமுறை வந்தால் "ஒன்று எடுக்கலாமா" என்ற பேச்சும் கூடவே வரும். பிள்ளைகள் உள்ள வீட்டார் கேட்டவற்றுக்கு, நாய் பழக்குவதில் கைதேர்ந்த நம் உறுப்பினர் அக்கா தந்த பதில்கள் இவை.

அக்கா, தோட்டத்து லயத்தில் ஒரு நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. தாய் நாட்டு நாய், தகப்பன் ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி என்கிறார்கள். என் பையனுக்கு 6 வயது, மகளுக்கு 3. இந்தக் கலப்பு பிள்ளைகளோடு ஒத்துப்போகுமா?

தகப்பனை யார் பார்த்தது, தங்கச்சி? ஒரே ஈத்துக் குட்டிகளுக்கு இரண்டு தகப்பன்கூட இருக்கலாம். காது நிமிர்ந்து முதுகு கறுத்திருந்தால் ஷெப்பர்டு, முகம் அகன்றிருந்தால் ராட்வைலர் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். தோற்றத்தை வைத்து இனம் சொன்னால் பெரும்பாலும் தப்பாகும். இனம் சரியாகவே தெரிந்தாலும் பெரிய பயனில்லை. 2022-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை உரிமையாளர்களிடம் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்துப் பார்த்தது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் ஏறக்குறைய 9 விழுக்காட்டுக்கு மட்டுமே இனம் காரணமாக இருந்தது. "ஷெப்பர்டு கலப்பு, அறிவாளி" என்பதும் ஊகம்தான், "நாட்டு நாய், கடிக்கும்" என்பதும் ஊகம்தான்.

தகப்பனை விட்டுவிட்டுத் தாயைப் பாருங்கள். முன்பின் தெரியாத நீங்கள் குட்டிகளிடமிருந்து ஆறடி தள்ளி உட்காரும்போது அது என்ன செய்கிறது? குரைத்துவிட்டுப் பிறகு வந்து மோந்து பார்த்தால் சரி. வாலை வயிற்றுக்கடியில் சொருகிக்கொண்டு ஓடிவிட்டாலோ, விறைத்து நின்று பல்லைக் காட்டினாலோ யோசிக்க வேண்டும். குட்டி காக்கும் தாய் கொஞ்சம் சிடுசிடுப்பது இயல்பு என்பதால், பால்குடி மறந்த பிறகு இன்னொரு முறை போய்ப் பாருங்கள். மிரட்சி பாதி இரத்தத்தில் வரும், மீதியைக் குட்டி தாயைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

அடுத்தது உருவம். பாதம் பெரிதா என்று பார்ப்பதை நம்ப முடியாது. நடுத்தர நாய் என்றால் 16-ஆவது வாரத்து எடையை இரட்டித்தால் வளர்ந்த எடை ஓரளவு தெரியும். அப்போது 11 கிலோ இருக்கும் குட்டி 22 கிலோவில் நிற்கும். 14 கிலோ மகளை அது விளையாட்டுக்கு ஒருமுறை தாவினாலே தள்ளிவிடும். முதல் இரண்டு வருடம் உங்கள் வீட்டில் கடியைவிட இதுதான் அன்றாடத் தொல்லையாக இருக்கும்.

குட்டிகளுக்கு 5 வாரம்தான் ஆகிறது, "சோறு தின்னுது, தூக்கிட்டுப் போங்க" என்கிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாம். 8 வாரம் முடியட்டும். பல்லை எவ்வளவு அழுத்தினால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான். அழுத்திக் கடித்தால் அடுத்தது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அந்தப் பாடம் படிக்காத குட்டி அதை உங்கள் மகளின் கையில் படிக்கும். அதுவரை போய்ப் பார்த்து, பிள்ளைகள் கையில் எடுத்துப் பழக்குவது நல்லது. 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரை பார்க்கும் மனிதர், கேட்கும் சத்தம் எல்லாம் அதற்கு வாழ்நாளுக்கும் பழக்கமானவை ஆகின்றன.

அதே காலம்தான் பார்வோ, அதாவது வாந்தியும் கழிச்சலுமாகக் குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய், தாக்கும் காலமும். 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்று என்று 16 வாரம் தாண்டும்வரை போட வேண்டும். "ஒரு ஊசி போட்டாச்சு" என்று நிறுத்துவதால்தான் குட்டிகள் சாகின்றன. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி இருக்கும்வரை ஊசி முழுதாகப் பிடிக்காது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் தொடர்ந்து போடுகிறோம். முன்பு பார்வோவில் நாய் செத்த வீடு என்றால் அந்த மண்ணில் கிருமி பல மாதம் உயிரோடிருக்கும். சிமெண்டுத் தரையை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிறகு குளோராக்ஸ் என்னும் வெளுப்பு நீர் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். மண்ணுக்கு அது உதவாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஊசி முடிந்த நாயே பொருத்தம்.

வளர்ந்த கலப்பு நாய் ஒன்றைக் காப்பகத்தில் தருகிறார்கள், 2 வயது. அது பிள்ளைகளுக்கு ஆகுமா என்று எப்படிச் சோதிப்பது?

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இந்த வயது நாயைத்தான், தம்பி. குட்டியிடம் செய்யும் சோதனை பெரியதானபின் பலிப்பதில்லை. 2 வயது நாயின் உருவமும் குணமும் ஏறக்குறைய முடிவாகிவிட்டன.

இரண்டு நாள் போங்கள். முதல் நாள் பெரியவர்கள் மட்டும். நாயைக் கூண்டுக்கு வெளியே கயிற்றில் கொண்டுவரச் சொல்லி, கூப்பிடாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். தானாக வந்தால், விலாப்பக்கம் மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி சாய்ந்து கேட்கிறதா, நகர்ந்து போகிறதா? இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது. பிறகு காது, முன்கால், வால் என்று மெல்லத் தொடுங்கள். கையை மூக்கால் தள்ளினால் பரவாயில்லை. தொட்டதும் உடம்பு மரம்போல விறைத்து, மூச்சுகூட நின்ற மாதிரி ஆனால் அங்கேயே நிறுத்துங்கள். பத்தடி தள்ளி ஒரு சட்டி மூடியைக் கீழே போடுங்கள். எல்லா நாயும் துள்ளும். அரை நிமிடத்துக்குள் வந்து மூடியை மோந்து பார்க்கிறதா என்பதுதான் கணக்கு. சட்டி, மணி, மோட்டார் சைக்கிள், அழுகை எல்லாம் ஓயாத வீட்டில் மீளத் தெரியாத நாய் நிம்மதியாக இருக்காது.

இரண்டாம் நாள் பிள்ளைகளோடு போங்கள். 15 அடி தள்ளி அவர்கள் நடக்கட்டும், பிறகு ஓடட்டும். வாலையும் உடம்பையும் சேர்த்து ஆட்டினால் நல்லது. குரைக்காமல், கண் இமைக்காமல், உடம்பைத் தாழ்த்திப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த நாய் உங்களுக்கு வேண்டாம். அமைதியாக இருக்கிறதே என்று ஏமாறுவது இந்த இடத்தில்தான். சோற்றுத் தட்டைப் பிடுங்கிச் சோதிப்பதைச் செய்யவே கூடாது, பிடுங்கினால் எந்த நாயும் உறுமக் கற்றுக்கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் மூன்று வாரம் நாய் அடங்கித்தான் இருக்கும். அதன் சொந்தக் குணம் பிறகுதான் வெளியே வரும். ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

நாங்கள் தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) இணைப்பு வீட்டில் இருக்கிறோம், பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம். சிக்கல் வருமா?

நாயை எடுக்கும் முன்பே போய்ச் சொல்லுங்கள் ஐயா, வந்தபிறகு சொன்னால் அது வெறும் அறிவிப்பு. நாயின் எச்சிலோ ஈர உடம்போ பட்டால் இஸ்லாமிய முறைப்படி அவர்கள் அந்த இடத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். அதனால் பொது வேலியின் அடிப்பகுதியைப் பலகையோ தகரமோ வைத்து மூக்கு நுழையாதபடி அடையுங்கள். நாயைக் குளிப்பாட்டும் தண்ணீர் அவர்கள் வாசல் கால்வாயை நோக்கி ஓடக் கூடாது. நடத்திப் போகும்போது கயிறு குட்டையாக இருக்கட்டும்.

உரிமம் கட்டாயம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நம் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. இணைப்பு வீட்டில் எத்தனை நாய் வைக்கலாம், கட்டணம் எவ்வளவு என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும், முகப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

வாசலில் கேட் இருக்கிறது, அது போதாதா?

மாலையில் பள்ளி வேன் ஹார்ன் அடிக்கும். பை தோளில், தண்ணீர்ப் போத்தல் கையில், பிள்ளை இடுப்பால் கேட்டைத் தள்ளும். அந்த ஒரு அடி இடைவெளி நாய்க்குப் போதும். வேனுக்கு அடியில் நாய் போவதும், பின்னாலேயே பிள்ளை ஓடுவதும் அப்படித்தான். வேன் வரும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன் நாய் கிரில் கதவுக்கு உள்ளே போய்விட வேண்டும். நாயிருக்கும் இடத்துக்கும் சாலைக்கும் நடுவே எப்போதும் இரண்டு கதவு. குட்டி என்றால் கேட் கம்பிகளின் கீழ் இரண்டடிக்கு வலை கட்டுங்கள்.

மாமனார், பகலில் சங்கிலியில் கட்டினால்தான் நாய்க்கு ரோஷம் வரும் என்கிறார்.

வரும், உங்கள் பிள்ளை மேல். நாய்க்கு இரண்டு வழி உண்டு, விலகிப் போவது அல்லது கடிப்பது. சங்கிலி முதல் வழியை எடுத்துவிடுகிறது. ஐந்தடிச் சங்கிலியில் கிடக்கும் நாயைச் சுற்றிப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினால் என்ன ஆகும் என்று மாமனாரிடமே கேளுங்கள். வெயிலில் தண்ணீர் இல்லாமல் கட்டிப்போட்டு அது வதைபட்டால் 2015-ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டமும் இருக்கிறது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கைக்குழந்தை தவழ்கிறது. நாயிடமிருந்து புழு வருமாமே?

வரும், ஆனால் தடுக்கலாம் அம்மா. நாயின் கொக்கிப்புழு நம் ஈர மண்ணில் ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். செருப்பில்லாத காலில் ஏறினால் தோலுக்கடியில் சிவப்புக் கோடு ஊரும், பயங்கரமாக அரிக்கும். உருண்டைப்புழு முட்டை கை வழியாக வாய்க்குப் போகும், அதற்கு மண்ணில் இரண்டு மூன்று வாரம் வேண்டும். ஆக, மலத்தை அன்றன்றே அள்ளினால் பாதி வேலை முடிந்தது. குட்டிக்கு 2, 4, 6, 8 வாரத்தில் குடற்புழு மருந்து, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எடை பார்த்துத்தான் அளவு.

உண்ணிக்குக் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தடவிப் பாருங்கள். மண்ணெண்ணெய் பூசுவதை விட்டுவிடுங்கள், தோல் வெந்துவிடும், நாய் நக்கி உள்ளேயும் போகும்.

மீந்த சாம்பார்ச் சோறு போடலாமா?

கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வெந்த கோழி எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். 15 கிலோ நாய்க்கு உலர் தீனி நாளைக்குச் சுமார் 240 கிராம், இரண்டு வேளையாக.

வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். அவிழ்த்து விட்டால் ஆபத்தா?

ஆபத்துதான். பாம்பை எல்லோரும் நினைப்பார்கள், எலி மருந்தை நினைக்க மாட்டார்கள். மரத்தடியில் வைக்கும் மெழுகுக் கட்டியை நாய் தின்றாலோ, அதைத் தின்ற எலியைத் தின்றாலோ இரத்தம் உறையாது. உடனே ஒன்றும் தெரியாது, மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் சோர்வு, வெளுத்த ஈறு, இருமல், மூக்கில் இரத்தம். தின்றது தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள், பாக்கெட் கிடைத்தால் கையோடு கொண்டு போங்கள். மாற்று மருந்து வைட்டமின் கே1, பல வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்தினால் மறுபடி இரத்தம் கசியும். எலி சிறுநீரில் வரும் லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல், பிள்ளைகளையும் தொற்றும், நாய்க்கு அந்த ஊசியை ஆண்டுதோறும் போடச் சொல்லுங்கள்.

எடுத்து ஒரு மாதம் ஆகிறது. நேற்று மகன் கட்டிப்பிடித்தபோது உறுமியது. அடித்து அடக்கலாமா?

அடிக்காதீர்கள். உறுமல் என்பது நாய் கொடுக்கும் எச்சரிக்கை மணி. அடித்தால் மணி நின்றுவிடும், கடி நிற்காது, சத்தமில்லாமல் வரும். உறுமலுக்கு முன்பே அது சொல்லியிருக்கும். தலையை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை மட்டும் இந்தப் பக்கம் உருட்டும்போது ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரியும். பசியில்லாமல் உதட்டை நக்கும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடும். நாம் அதைப் படம் பிடித்து "பாசம்" என்று அனுப்புவோம். கட்டிப்பிடிப்பது மனிதர் பழக்கம், நாய்க்கு அது பூட்டு.

மகனுக்கு மூன்றே விதி: தின்னும்போது, தூங்கும்போது, அதன் மூலையில் இருக்கும்போது தொடக் கூடாது. நாய் துரத்தினால் ஓடாமல் கைகளைக் கட்டி, தன் கால் விரலைப் பார்த்து மரமாக நிற்கட்டும், நாய்க்கு அலுத்துவிடும். 5 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை எந்த நாயோடும் தனியே விடாதீர்கள், நீங்கள் அடுப்படியில் இருப்பது காவல் ஆகாது. நன்றாக இருந்த நாய் திடீரென உறுமினால் காது, பல், இடுப்பு வலியா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடித்துவிட்டால்?

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, நேரே மருத்துவமனை. மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நம் நாட்டில் 2015-இல் வடமாநிலங்களிலும், 2017-இலிருந்து சரவாக்கிலும் வெறிநாய்க்கடி தலைதூக்கியது, எனவே ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நாயை விரட்டிவிடாதீர்கள், 10 நாள் கண்காணிக்க அது வேண்டும்.

ஆணா பெண்ணா, அக்கா?

எதுவானாலும் கருத்தடை. அதற்குமேல் வித்தியாசம் சொல்லும் அளவுக்கு இல்லை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பரிசாக எடுக்கலாமா?

தீபாவளி முடிந்து எடுங்கள். புது நாய்க்கு வீடு எது, தெரு எது என்றே தெரியாத நேரத்தில் பட்டாசு வெடித்தால் கேட்டைத் தாண்டி ஓடும், திரும்பி வர வழி தெரியாது. சீனப் பெருநாள் வரைக்கும் வெடி இருக்கிறதே என்பீர்கள். அதற்குள் மூன்று மாதம் பழகியிருக்கும், வெடி நேரத்தில் சன்னல் சாத்திய அறையில் மின்விசிறி போட்டு வைத்தால் சமாளித்துவிடும். பழைய நாயோ புது நாயோ, அந்த வாரம் முழுக்கக் கழுத்துப்பட்டையில் உங்கள் கைப்பேசி எண் இருக்கட்டும். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கினால் போதும், அதைவிடத் தளர்ந்தால் தலையை உருவிக்கொண்டு போய்விடும்.