கிளிக்குஞ்சைக் காப்பாற்றியது குற்றமா?

கேள்வி: பெரம்பூரில் எங்கள் வீட்டுப் பின்புறம் பட்டுப்போன தென்னையை வெட்டியபோது பொந்திலிருந்து இரண்டு பச்சைக்கிளிக் குஞ்சுகள் விழுந்தன. எடுத்து வளர்த்தோம். இப்போது ஒன்று பறக்கிறது, மற்றதற்கு இறக்கை சரியில்லை. 'கிளி வளர்த்தால் ஜெயில்' என்று பக்கத்து வீட்டுக்காரர் மிரட்டுகிறார். லைசென்ஸ் வாங்கி நாங்களே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: சகோதரி, விழுந்து கிடந்த குஞ்சைக் காப்பாற்ற எடுத்ததற்காகப் பயப்படாதீர்கள். சிக்கல் அதற்கு அப்புறம் வந்தது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, வீட்டில் வைத்திருக்கும் காட்டுப்பறவை அரசின் சொத்து. எப்படிக் கைக்கு வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்திருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி பச்சைக்கிளி, சட்டம் பாதுகாக்கும் உயிரினங்களின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதை அனுமதியின்றி வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செல்லமாக வளர்க்க லைசென்ஸ் கிடையாது. கடையில் லவ் பேர்ட்ஸ் விற்கிறார்களே என்று கேட்பீர்கள். அவை வெளிநாட்டு இனம், அவற்றுக்கு விதி வேறு.

கெடு தாண்டிவிட்டதே என்று தள்ளிப் போடாதீர்கள். தானாகப் போய் ஒப்படைப்பவரையும் சோதனையில் பிடிபடுபவரையும் யாரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. மரம் வெட்டிய தேதி, குஞ்சுகள் கிடைத்த விதம், இறக்கையின் நிலை எல்லாவற்றையும் உள்ளபடி ஒரு கடிதமாக எழுதுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டியிருந்தால் அந்தச் சீட்டையும் இணையுங்கள். கிளிகளோடு கிண்டி தேசியப் பூங்கா வனச்சரக அலுவலகத்துக்குப் போங்கள்.

பறக்கும் கிளியை மட்டும் மொட்டைமாடியிலிருந்து விட்டுவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் ஊட்டி வளர்ந்த கிளிக்குப் பூனையும் தெரியாது, வல்லூறும் தெரியாது. தானாக இரை தேடவும் பழகியிருக்காது. தன் இனத்தோடு பெரிய கூண்டில் பழகவிட்டு, பறக்கும் பலம் வந்த பிறகுதான் வெளியே விட வேண்டும். இறக்கை தேறாத கிளியை எங்கே வைப்பது என்பது வனத்துறையின் முடிவு. பிள்ளைகள் அழுவார்கள், தெரியும். ஆனாலும் கிளியைக் கூண்டில் தனியாக வைத்துப் பார்ப்பதைவிட ஒப்படைப்பதே நல்லது.

போகும் வரை இறக்கையை வெட்டாதீர்கள், பால் கொடுக்காதீர்கள், அலகில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் துணி விரித்து எடுத்துப் போங்கள். ஒப்படைத்ததும் கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாளை புகார் கொடுத்தால் நீங்கள் காட்ட வேண்டிய காகிதம் அதுதான்.