அப்பா நரகத்திலா இருக்கிறார்?

கேள்வி: ஐயா, என் அப்பா போன மாதம் இறந்துவிட்டார். நாங்கள் எல்லாரும் சபைக்குப் போகிறவர்கள், அவர் மட்டும் கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த போதகர், "அவர் நரகத்தில்தான் இருப்பார்" என்று அம்மாவுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நரகம் என்றால் நிஜமாகவே முடிவில்லாமல் எரிகிற தீதானா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, அதை அறிவிக்க அந்தப் போதகருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானவர்களைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது, ஆனால் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றிக்கூட அறிவித்ததில்லை, யூதாஸ் உட்பட.

சரி, தீ விஷயத்துக்கு வருவோம். சுவிசேஷங்களில் நரகம் என்று நாம் வாசிக்கும் இடங்களில் பெரும்பாலும் மூலத்தில் இருப்பது கெகன்னா என்ற சொல். அது எருசலேமுக்குத் தெற்கே இருக்கிற இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர், இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். (ஊர்க் குப்பையை எரித்த இடம் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள், அந்தக் கதை பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டது.) அங்கேதான் ஒரு காலத்தில் யூதா ஜனங்கள் பெற்ற பிள்ளைகளையே நெருப்பில் பலி கொடுத்தார்கள். எரேமியா 7:31ஐ எடுத்து வாசியுங்கள். அதை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார் ஆண்டவர். பிள்ளைகளைத் தீயில் போடுவது மனதில்கூடத் தோன்றாத ஒரு தகப்பன், தன் பிள்ளைகளையே முடிவில்லாமல் எரித்துக்கொண்டிருப்பார் என்று எப்படி நம்புவது? என்னால் முடியவில்லை.

இப்படிக் கேட்பது புதுசும் இல்லை. 4-ம் நூற்றாண்டில் நிசா நகரத்து ஆயர் கிரகோரி, அண்ணன் பசிலியார் இறந்த துக்கத்தோடு அக்கா மக்ரீனாவைப் பார்க்கப் போனார், அக்காவும் மரணப் படுக்கையில் இருந்தார். அந்த உரையாடல் என்று அவர் எழுதியதில் தீ வருகிறது, ஆனால் அது தங்கத்தைப் புடம் போடுகிற தீ, அழுக்கை எரித்துப் பொன்னை மீட்கிற தீ. கடைசியில் எல்லாரும் தேவனிடம் திரும்புவார்கள் என்று நம்பிய அவரை இன்றும் புனிதர் என்றே சபை கொண்டாடுகிறது. அவருக்குச் சற்றுப் பின் வந்த வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்தினார் இதை மறுத்து நித்திய வேதனை என்றார், மேற்கத்திய சபைகளில் அவர் பேச்சுதான் நின்றது. நம் ஊருக்கு மிஷனரிகள் வழியாக வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் அதுதான்.

மத்தேயு 25:46-ல் நித்திய ஆக்கினை என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன், நியாயத்தீர்ப்பு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அதிகாரத்தில் இடப்பக்கம் நிறுத்தப்பட்டவர்கள் பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுக்காதவர்கள், ஞானஸ்நானம் எடுத்தாயா என்ற கேள்வியே அங்கே வரவில்லை. ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட், வேதத்தை வரிக்கு வரி மதித்தவர், ஆக்கினைக்குள்ளானவர்கள் முடிவில்லாமல் வேதனைப்படுவதைவிட, இல்லாமலே அழிந்துபோவார்கள் என்ற விளக்கத்தையே 1988-ல் முன்வைத்தார். 1999-ல் போப் இரண்டாம் ஜான் பால், நரகம் ஓர் இடம் என்பதைவிட தேவனை விட்டு ஒருவர் தானாகவே விலகிக்கொண்ட நிலை என்று விளக்கினார்.

உங்கள் அப்பா அப்படி விலகியவரா? அவரோடு வாழ்ந்த உங்களுக்கும் அம்மாவுக்கும் தெரியும், துக்க வீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனவருக்குத் தெரியாது. அம்மாவிடம் இதை இன்றைக்கே வாசித்துக் காட்டுங்கள், அவர்களும் தூங்கியிருக்க மாட்டார்கள்.